இருபத்தோராயிரம் ரூபாய் பூசணிக்காய்

ஜனவரி 7, 2025, செவ்வாய்

என் வீட்டுக்காரி சாரம்மாள் இன்றைக்கும் டீயில் சீனி போடவில்லை. எனக்குச் சர்க்கரையாம். "ஏட்டி, கசப்புக்குத்தான் நீ இருக்கியே, டீயும் எதுக்குக் கசக்கணும்?"னு கேட்டேன். கரண்டி பறந்து வந்தது. குறி தப்பிவிட்டது. வயசாகிறது அவளுக்கு.

மத்தியானம் ஜெமிமா பணம் போட்டுவிட்டாள். ஒன்பதாயிரத்து நானூறு. செத்துப்போன என் மகன் எபியின் மகள். சென்னையில் வேலை. அவள் படிப்புக்கு வாங்கின கடனில் என் கையெழுத்தும் இருக்கிறது. அவள் மாசாமாசம் எனக்கு அனுப்புவாள், நான் பாளையங்கோட்டையில் பேங்க் கவுண்டரில் கட்டி ரசீது வாங்குவேன். "நானே போன்ல கட்டிருதேன் தாத்தா"ன்னு முதலிலேயே சொன்னாள். நான்தான் விடவில்லை. "முப்பத்தோரு வருஷம் கண்டக்டரா இருந்தவன்ட்டி நான். சீட்டு வாங்காமக் குடுத்த காசு காசே இல்ல."

சாயங்காலம் போன் பண்ணினாள். "டிக்கெட் கிழிச்சாச்சா தாத்தா?" கடன் கட்டியாச்சா என்பதற்கு எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் பேச்சு.

"கிழிச்சாச்சுட்டி."

கிழிக்கவில்லை. இதோடு ஐந்தாவது மாசம்.

ஜனவரி 8, புதன்

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். கிழித்துப் போடலாமா என்றிருந்தது. இருக்கட்டும். வேறே யாரிடம் சொல்ல?

ஆகஸ்டில் டீக்கடையில் ஒரே பேச்சு. படிப்புக் கடன் எல்லாம் தள்ளுபடி ஆகப்போகுது, இப்பக் கட்டுதவன் கேணையன் என்றார்கள். சொன்னவன் ஒருத்தனும் கடன் வாங்கினவன் இல்லை. எனக்கு அது உறைக்கவில்லை. இரண்டு மாசப் பணத்தைப் பிடித்து வைப்போம், தள்ளுபடி வந்ததும் கட்டாக அவள் கையில் கொடுத்து, "பாத்தியாட்டி, எட்டாங்கிளாஸ் மூளையை"ன்னு கேலி பண்ணலாம் என்று நினைத்தேன். இதுக்குத்தான் செய்தேன். கேலி பண்ண.

அந்தக் காலேஜ் மேல் எனக்கு ஆத்திரமும் இருந்தது. முதல் வருஷம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். நாலாம் வருஷம் ஒரு லட்சத்து எழுபது. ஹாஸ்டல் தனி. பஸ் டிக்கெட் அம்பது பைசா ஏறினால் சனம் என் சட்டையைப் பிடிக்கும். அங்கே பீஸை ஏற்றி ஒரு தாளில் ஒட்டிவிடுகிறான், யாரும் யார் சட்டையையும் பிடிக்கவில்லை. ஆறு லட்சம் கடன், வட்டி சேர்ந்து ஏழரைக்கு வந்து நிற்கிறது.

சரி, ஆத்திரம் அவன் மேல். காசு யாருடையது?

ஜனவரி 12, ஞாயிறு

காலை ஆராதனைக்குக் கோயிலில் இருந்தபோது ஞானசிகாமணி வாத்தியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்ன வே கண்டக்டர், பூசணிக்கா செரிச்சுட்டா?" நான் சிரித்தேன். பாட்டுப் புத்தகத்தில் நம்பர் கண்ணில் படவில்லை.

அதையும் எழுதிவிடுகிறேன். போன அக்டோபர், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து, சனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த கோழி, வாழைத்தார், தேங்காய் எல்லாவற்றையும் கோயில் வளவில் ஏலம் விடுவார்கள். நூறு ரூபாய்ச் சாமான் ஆயிரத்துக்குப் போகும், பணம் கோயிலுக்கு. வருஷா வருஷம் மைக் என் கையில்தான். "என்ன வே, துபாய்ல இருந்து வந்தவரு தேங்காய்க்கே மூச்சு வாங்குதாரு!"ன்னு நான் ஒருத்தனைச் சீண்டினால் ஏலம் தானாக ஏறும்.

அன்றைக்கு வாத்தியார் மைக்கைப் பிடுங்கினார். "நம்ம கண்டக்டர் அண்ணாச்சி எல்லாரையும் ஏத்தி விடுவாரு. அவரு என்னைக்காவது ஒரு கத்திரிக்கா எடுத்திருக்காரா? பேத்தி இன்ஜினியரு, இவரு இன்னும் சில்லறை இல்லைங்காரு!"

வளவே சிரித்தது. ஒரு பூசணிக்காய் ஏலத்தில் இருந்தது. ஐயாயிரம் என்றேன். வாத்தியார் ஆறு. நான் பத்து. இருபத்தோராயிரத்தில் நின்றது. கை தட்டினார்கள். தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். "இதை யாரு திங்க?"ன்னு கேட்டாள் சாரம்மாள். நாலு நாள் கூட்டு, மிச்சம் அழுகிவிட்டது.

கிறிஸ்துமஸுக்குள் ஏலப் பணம் கட்டாதவர் பேரைக் கோயிலில் வாசிப்பார்கள். ஜெமிமா பணத்தில் கட்டினேன். அதன்பிறகு தெருவுக்குக் கேக், எனக்கொரு புதுச் சட்டை... ஒரு தடவை கை போய்விட்டால் அப்புறம் அதுவே போகும் போலிருக்கிறது. முப்பத்தோரு வருஷத்தில் பையில் ஒரு ரூபாய் குறைந்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன்.

ஜனவரி 20, திங்கள்

ஜெமிமா பேங்க் பரீட்சை பாஸ் ஆகிவிட்டாள். கவர்மெண்ட் பேங்க். பிப்ரவரி 28 சேரவேண்டும். அவள் அம்மா, என் மருமகள் டெபோரா, வேலை பார்க்கும் ஸ்கூலில் இருந்து ஓடி வந்து சாரம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எபி இருந்திருந்தால் என்றாள்.

ஜெமிமா என்னிடம் பேசினாள். "தாத்தா, பழைய கடனை ஒழுங்காக் கட்டிருக்கமான்னு பதிவு பாப்பாங்களாம். பாக்கி நின்னா வேலை இல்லயாம். கூட எழுதுன பொண்ணுங்க பயந்து சாகுதாளுவ. நமக்கென்ன? நாமதான் மாசாமாசம் டிக்கெட் கிழிக்கோமே!"

"ஆமாட்டி"ன்னு மட்டும் சொன்னேன். தாத்தாவுக்கு சந்தோஷத்துல பேச்சு வரல என்று அவள் சிரித்தாள்.

ஜனவரி 22, புதன்

மிச்சம் இருந்த பதினெட்டாயிரத்தை மடியில் கட்டிக்கொண்டு பேங்குக்குப் போனேன். மேனேஜர் அனுராதா அம்மா, என் மகள் வயசு இருக்கும். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மூணு மாசம் தாண்டிட்டு ஐயா. வாராக்கடன்ல விழுந்துட்டு. உங்க போனுக்கு மெசேஜ் வந்திருக்குமே?"

"இங்கிலீஷ்ல வந்துச்சும்மா. விளம்பரம்னு நெனைச்சேன்."

இங்கேயாவது பொய் வேண்டாம். இங்கிலீஷ் தெரியாது, நம்பர் தெரியும். 9,400 தெரிந்தது. 18,800 ஆனதும் தெரிந்தது. பார்த்துப் பார்த்து அழித்தேன்.

"பாக்கி முழுசையும் கட்டினா பேரு சரியாயிருமா?"

"கட்டணும். ஆனா பதிவு மாற நாளாகும் ஐயா. பேத்திகிட்டச் சொல்லிட்டீங்களா?"

பணத்தைக் கட்டாமலே எழுந்து வந்துவிட்டேன். சொல்லாமல் கட்டினால் அதுவும் திருட்டு மாதிரி இருந்தது. இல்லை, பயம். பயம்தான்.

ஜனவரி 23, வியாழன்

இன்றைக்கும் சொல்லவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

வேடிக்கையாக ஆரம்பித்தேன். "ஏட்டி, ஒரு கண்டக்டர் கதை சொல்லுதேன் கேளு"ன்னு. பாதியில் எனக்கே தாங்கலை. எல்லாத்தையும் கொட்டிட்டேன். டீக்கடை, ஏலம், கேக்கு, சட்டை, எல்லாம்.

"பூசணிக்காயா தாத்தா?"

அது ஒண்ணுதான் கேட்டா. திட்டியிருந்தா திட்டு வாங்கிட்டு உக்காந்திருப்பேன். மாசம் இருபத்திரண்டாயிரம் சம்பளத்துல ஹாஸ்டலுக்கு எட்டாயிரம், எனக்கு ஒன்பதாயிரத்து நானூறு. மிச்சத்துல என்ன தின்னான்னு நான் ஒரு நாளாவது கேட்டனா?

அப்புறம் பைய சொன்னா: "இருக்கிற பதினெட்டாயிரத்தை நாளைக்கே கட்டிருங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

பிப்ரவரி 3, திங்கள்

பாக்கி முழுவதும் கட்டியாயிற்று. ஹாஸ்டலில் ஜெமிமாவோடு தங்கியிருக்கும் நஃபீஸத் என்ற பெண் தன் வளையலை அடகு வைத்துக் கொடுத்தாளாம். முகம் தெரியாத பிள்ளை. என் பென்ஷன் ஏ.டி.எம். அட்டையை டெபோராவிடம் கொடுத்து, முதலில் அந்த வளையலை மீட்கச் சொன்னேன். அவள் அட்டையை வாங்கிக்கொண்டாள். "சரி மாமா" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாரம்மாளுக்கும் தெரிந்துவிட்டது. டீயில் சீனி போட்டிருந்தாள். கேலி ஒன்று நாக்கு வரை வந்தது, முழுங்கிவிட்டேன். கரண்டியும் பறக்கவில்லை.

பிப்ரவரி 19, புதன்

அனுராதா அம்மா, பாக்கி தீர்ந்தது என்று கடிதம் கொடுத்தார். வேலை கொடுக்கிற பேங்கில் அது செல்லாதாம். பதிவில் மாறியிருக்க வேண்டுமாம். பதிவில் இன்னும் அப்படியே கிடக்கிறது. ஜெமிமா கூடுதல் நாள் கேட்டு எழுதியிருக்கிறாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

நாள் கொடுக்கவில்லை. அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டது.

ஏப்ரல் 5, சனி

ஜெமிமா இப்போது கடனைப் போனிலேயே கட்டுகிறாள். கட்டினதும் ரசீதைப் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறாள். மூன்றாவது படம் இது. கீழே ஒரு எழுத்து கிடையாது. நான் ஒவ்வொன்றையும் பெரிசாக்கி, தேதி, தொகை, முத்திரை எல்லாம் பார்க்கிறேன். செக்கிங் இன்ஸ்பெக்டர் டிக்கெட்டைப் பார்ப்பது மாதிரி. பார்த்து என்ன செய்ய?

அக்டோபர் 12, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. வேண்டாம் என்றேன், குருவானவர் கேட்கவில்லை, மைக்கைக் கையில் திணித்துவிட்டார். கோழி போயிற்று, தார் போயிற்று. பூசணிக்காய் வந்தது. வாத்தியார் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பின்வரிசையில் தங்கத்துரை நின்றான். ஆட்டோ ஓட்டுகிறான். மகளை இந்த ஜூனில்தான் இன்ஜினியரிங் சேர்த்திருக்கிறான், கடன் வாங்கி. அதைக் கோயில் வாசலில் வைத்து என்னிடம் சொல்லிப் பெருமைப்பட்டான். ஐந்நூறு என்றான். வாத்தியார் விடுவாரா? "என்னலே தங்கத்துரை, மகளை இன்ஜினியருக்குச் சேத்தவன் பேசுத பேச்சாலே இது? ஐந்நூறாம்!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் முகம் சிவந்தது. எனக்கு அந்த முகம் தெரியும். எண்ணூறு என்றான். வாத்தியார் வாயைத் திறந்தார்.

"எண்ணூறு, மூணு தரம்! தங்கத்துரைக்கு!" என்று கத்திவிட்டேன்.

"என்ன வே, ஒரு தரம் ரெண்டு தரம் எங்க போச்சு?" என்று வாத்தியார் குதித்தார். குருவானவரும் ஒரு மாதிரிப் பார்த்தார். கோயிலுக்கு நஷ்டம்தான். நான் அடுத்த தேங்காயை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் ஜெமிமாவின் படம். இந்த மாசத்து ரசீது. பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, கீழே வந்தேன். இன்றைக்கு ஒரு வரி இருந்தது.

"பூசணிக்காய் இந்த வருஷம் யாருக்குப் போச்சு தாத்தா?"

கேலியா, நிஜமாகவே கேட்கிறாளா என்று தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நாலு தடவை படித்துவிட்டேன். இன்னும் பதில் எழுதவில்லை.