எட்டு நாள் முந்திய கையெழுத்து

ஜூன் 12, புதன்

காலையிலிருந்து சாரல். மாடியில் காயப்போட்ட மல்லி நனைந்து பாதி வீண். பம்ப் மோட்டார் கடையில் மந்தம். ஒரு ஃபுட் வால்வு, நாலு வாஷர், அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிக்கு வணிகவரி ஆபீஸிலிருந்து ஓர் ஆள். "காந்திமதிநாதன் இருக்காவளா?"

இல்லை என்றேன்.

"எப்ப வருவாவ?"

மாலை போட்ட அவுக படத்தைக் காட்டினேன். பாவம், வாசலுக்குத் திரும்பப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

நோட்டீஸை மூன்று தடவை படித்தேன். விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் புனலூர் கடைக்காரருக்கு மோட்டார் அனுப்பியிருக்கிறோம். வெளி மாநிலத்துக்கு விற்றால் வரி குறைவு. ஆனால் வாங்கினவர் 'சி பாரம்' எழுதித் தரவேண்டும். பாரம் வரவில்லை, அதனால் முழு வரி. பாக்கி ரூ. 31,400. அபராதம் ரூ. 47,100. வட்டி தனி. முப்பது நாளில் கட்டாவிட்டால் ஜப்தி.

அதற்குக் கீழே ஒரு வரி. 'ஏற்கெனவே அறிவிப்பு வழங்கியும் தங்களிடமிருந்து பதில் இல்லாததால்.'

ஏற்கெனவே என்றால் எப்போது? யார் கையில்?

சாயங்காலம் அப்பளம் கருகிப்போச்சு.

ஜூன் 13, வியாழன்

கொழுந்தன் முருகேசனைக் கூட்டிக்கொண்டு ஆடிட்டர் வீடு. அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது, ரகசியம் பேசுவது போலப் பேசினார்.

"முதல் நோட்டீஸ் கையில சேரலைன்னா அபராதத்தை உடைச்சிரலாம்மா. ஃபைலைப் பாத்துட்டு வாங்க. சாரோட கையெழுத்து இல்லாம இருந்தா நமக்கு நல்லது."

வரும்போது முருகேசன்: "இருந்தாலும் என்ன மதினி, அது அண்ணன் கையெழுத்தே இல்லைன்னு சாதிச்சிருவோம். செத்தவுகளையா வந்து கேக்கப் போறான்?"

மனசுக்குள் ஒன்றையே வேண்டிக்கொண்டு வந்தேன். கையெழுத்து இருக்கக்கூடாது. அபராதத்துக்காக இல்லை.

ஜூன் 14, வெள்ளி

இருக்கிறது.

வணிகவரி ஆபீஸ் கிளார்க் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். 'பெற்றுக்கொண்டேன்.' கீழே அவுக கையெழுத்து. கடைசி 'ன்' மேல் புள்ளி வைக்காமல் விடும் பழக்கம் வரைக்கும் அப்படியே. தேதி 27.6.95.

அவுக போனது ஜூலை 5, புதன்.

நோட்டீஸ் வாங்கி எட்டே நாள்.

கிளார்க் என்னமோ கேட்டார், காதில் விழவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கித் தந்தார்கள். பஸ்ஸில் வீடு வந்ததே ஞாபகம் இல்லை.

இதை எழுதியே ஆகவேண்டும், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. குறுக்குத்துறை ஆற்றில் குளிக்கப் போனவுக. கால் வழுக்கி ஆழத்தில் விழுந்துவிட்டாக என்று கொண்டுவந்து போட்டார்கள். போலீஸும் அப்படித்தான் எழுதிற்று. ஒரு வருஷமாக நானும் கேட்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்கிறேன். ஆனால் ஏழு வயசில் அதே ஆற்றில் நீச்சல் படித்த மனுசன். துட்டி விசாரிக்க வந்த யாரோ வாசலில் சொன்னது இப்பவும் காதில் கேட்குது: "நீச்சத் தெரிஞ்சவன் எப்படிலே முங்குவான்?"

ஜூன் 15, சனி

கடையைத் திறக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். அந்த எட்டு நாளில் அவுக செய்ததாக ஞாபகம் வருவது:

முடி வெட்டிக்கொண்டது.
மகள் செல்விக்கு டியூஷன் ஃபீஸ் கட்டியது.
சட்னியில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளியது. (அன்றைக்கு நான் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. இது வேண்டும் எனக்கு.)
ஒரு நாள் கலெக்ஷனுக்கு என்று கோவில்பட்டி போனது. வர இருட்டிவிட்டது.
ஒரு நாள் சாயங்காலம் சும்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாக.

'ஒண்ணுமில்ல.' நான் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். அடுப்பில் பால் இருந்தது, போய்விட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

குறுக்குத்துறைக்குப் போனேன். ஒரு வருஷத்தில் முதல் தடவை. அணை திறந்து தண்ணீர் பெருக்காக வருகிறது. அவுகளைத் தூக்கிக் கரையில் போட்டவர் படித்துறைப் பக்கம் பூ விற்கிறவர். கண்டுபிடித்துக் கேட்டேன்.

"அக்கா, நான் பாக்கையில தலைமுடி மட்டுந்தான் தெரிஞ்சுது. அந்தப் பாறை முச்சூடும் பாசி. நானே ரெண்டு தடவை விழுந்திருக்கேன்."

"விழுந்ததை நீங்க பாக்கலை?"

பூவின் மேல் தண்ணீர் தெளித்தார். "பாக்கலைக்கா. பொய் சொல்லக்கூடாது."

காசு வாங்காமல் ஒரு முழம் பூ கட்டிக் கையில் கொடுத்துவிட்டார். நான் வைக்க முடியாது என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. நெற்றியில் அடித்துக்கொண்டார். சாமிக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் செல்வி நோட்டீஸை எடுத்துப் படித்திருக்கிறாள்.

"அப்பாவுக்கு இது தெரியுமாம்மா?"

"தெரியாது."

நோட்டீஸை மடித்து இருந்த இடத்தில் வைத்தாள். ஃபேனைக் கூட்டி வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

ஜூன் 18, செவ்வாய்

தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் நனைந்த தலைமுடி. சமையலறையில் நின்றால் பின்னால் யாரோ 'ஒண்ணுமில்ல' என்கிற மாதிரி.

போன வருஷத்துக் கடை தினக்குறிப்பை எடுத்தேன். ஜூலை 3, திங்கள். 'பயணம் ரூ. 46.' கோவில்பட்டி போய்வர இவ்வளவு ஆகாது. அன்றைக்குக் கலெக்ஷன் என்று ஒரு பைசா வரவும் இல்லை.

அப்படியானால் எங்கே போனாக?

புனலூருக்கு எஸ்.டி.டி. போட்டேன். மூன்று பூத், ஏழு தடவை. நம்பர் மாறிவிட்டதாம்.

முருகேசன்: "அங்கன போயி என்ன மதினி ஆகப்போவுது? விடுங்க, கடையை வித்து அடைச்சிரலாம்."

நான் போகத்தான் போகிறேன்.

ஜூன் 20, வியாழன்

புனலூர். செங்கோட்டை தாண்டி ரயில் மலைக்குள் புகுந்தது. குகை வரும்போதெல்லாம் பெட்டியில் இருந்த பிள்ளைகள் கூச்சல்.

கடை இருக்கிறது. முதலாளிக்கு அறுபது வயசு இருக்கும். அவுக பெயர் சொன்னதும் எழுந்து நின்றார்.

"காந்திமதி சாரோட வீட்டுக்காரம்மாவா? சார் வெள்ளிக்கிழமை வராம்னு பறஞ்ஞு போனதாணு. பின்னே வந்தில்ல."

வருவதாகச் சொல்லிவிட்டு அவுக வராமல் போன வெள்ளிக்கிழமை எது என்று கேட்டேன். மேசை டிராயரைத் திறந்து ஒரு கவரை எடுத்தார். உள்ளே சி பாரம். எழுதி, முத்திரை வைத்து, கையெழுத்தும் போட்டு. தேதி 6.7.95, அவுக போன மறுநாள்.

அந்த ஜூலை 3, திங்கட்கிழமை இங்கே வந்திருக்கிறாக. பாரப் புத்தகம் தீர்ந்துபோய் இவர் புதுசுக்கு எழுதிப் போட்டிருந்த நேரம். "வெள்ளிக்கு வாங்க, தயாரா வைக்கேன்" என்றாராம். எங்கள் போன் நம்பரும் மாறிவிட்டது, எங்கள் பழைய விலாசத்துக்குப் போட்ட கார்டும் திரும்பி வந்துவிட்டது. அவுக போனபிறகு நாங்கள் கடையை வேறு இடத்துக்கு மாற்றினது அவருக்குத் தெரியாது.

நடந்ததைச் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார். உள்ளே போய் மனைவியைக் கூப்பிட்டு வந்தார்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு: "இங்கதான் மத்தியானச் சாப்பாடு, ஊணு கழிச்சது. மீன் கறி ரெண்டு தடவை வாங்கினாரு. வெள்ளிக்கு நெய்மீன் வைக்கச் சொன்னாரு."

மீனா?

முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத சைவ மனுசன். பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்த அம்மா பயந்துபோச்சு. சிரிப்பு எங்கே அழுகையாச்சு என்று எனக்கே தெரியாது. முதலாளி கடை ஷட்டரைப் பாதி இறக்கினார், தெரு பார்க்காமல் இருக்க.

ஜூன் 21, வெள்ளி

செல்வியிடம் எல்லாம் சொன்னேன். கையெழுத்து, எட்டு நாள், புனலூர், மீன். தெரியாது என்று நான் பொய் சொன்னதையும்.

எழுந்து இரண்டு தட்டை எடுத்து வைத்தாள். பிறகு: "நான் அப்பவே நெனச்சேம்மா. வாசல்ல பேசுனாங்கள்லா. உங்கிட்ட கேட்டா நீ ஒடைஞ்சு போவேன்னு கேக்கலை."

பதினாறு வயசுப் பிள்ளை. ஒரு வருஷம் தனியாகச் சுமந்திருக்கிறது, அடுத்த பாயில் நான் படுத்திருக்க.

இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். "நெய்மீன்னா எப்படிம்மா இருக்கும்?" என்றாள். தெரியாது என்றேன். இந்தத் தடவை நிஜம்.

ஆனாலும் முழுசாகத் தீரவில்லை. திங்கள் மீன் கேட்டவுகளுக்குப் புதன்கிழமை மனசு எப்படி இருந்தது என்று யார் சொல்ல? என்னிடம் ஏன் மறைத்தாக? அந்தக் கேள்வி ஆற்றோடு போச்சு.

ஜூன் 26, புதன்

வணிகவரி ஆபீஸ். அதிகாரி சி பாரத்தை வாங்கிப் பார்த்தார். ஒரு பில் தவிர எல்லாவற்றுக்கும் செல்லும். அந்த ஒரு பில்லுக்கு வரி, அபராதம், வட்டி மொத்தம் ரூ. 9,650. மீதி எல்லாம் தள்ளுபடி ஆகுமாம், தாமதத்துக்கு மனு எழுதித் தந்தால்.

முருகேசன் காதில்: "நோட்டீஸே வரலைன்னு எழுதுங்க மதினி. அந்த ஒன்பதாயிரத்துல அபராதமும் மிச்சம்."

"கையெழுத்து அவுகளுதுதான்" என்றேன், கிளார்க்குக்கும் கேட்கும்படி.

கிளார்க் தாளைத் தள்ளினார். 'தாமதத்திற்கான காரணம்' என்று ஒரு கட்டம். "காலமாகிட்டார்னு மட்டும் போடுங்கம்மா, போதும்."

பேனா வாங்கி எழுதினேன். கணவர் நோட்டீஸைப் பெற்றுக்கொண்டு, பாரம் வாங்கப் புனலூர் சென்று, மறுபடி வெள்ளிக்கிழமை செல்ல இருந்த நிலையில், அதற்கு இரண்டு நாள் முன்பு ஆற்றில்

அதில் நின்றுவிட்டது. பின்னால் வரிசையில் ஆள் இருமினார்.

கால் வழுக்கி, என்று எழுதினேன்.