திருப்பிக் கொடுத்த வண்ணப் பெட்டி

அன்புள்ள வாண்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தம்பி மூன்று பேரும் சுகம். நீயும் சுகம் என்றுதான் போன வாரம்கூடச் சொன்னாய், அது பொய் என்று நேற்று தெரிந்துவிட்டது, அதனால் நலம் விசாரிப்பதை இத்தோடு நிறுத்துகிறேன்.

உன் அறைத்தோழி அம்மாவுக்கு போன் பண்ணினாள். உன் மூக்குக்கண்ணாடி உடைந்து நாலு மாதமாம், ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கிறாயாம், தலைவலியில் பரீட்சை பாதியிலேயே எழுந்து வந்தாயாம். ஏண்டி மாத்தலன்னு கேட்டதுக்கு, அது எங்கப்பாவோட பதினெட்டு மணி நேரம்டி, அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு சொன்னாயாமே. அம்மா இதை அப்படியே என்னிடம் சொன்னாள். திட்டவில்லை.

அந்தக் கணக்கை ஆரம்பித்தவன் நான்தான். நீ பிறந்தபோது எனக்கு இருபத்தொரு வயது, லிஃப்ட் ரிப்பேரில் புதுசு, சம்பளம் சொற்பம். நீ எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வாய் வராது, அதை வாங்க நான் எவ்வளவு நேரம் வேலை பார்க்க வேண்டும் என்று மணிக்கணக்கு சொல்லுவேன். பலூன் பத்து நிமிஷம், ஷூ ஒன்பது மணி நேரம். பணத்தின் அருமையைச் சொல்லித் தருகிறேன் என்று எனக்குப் பெருமை வேறு.

உனக்கு ஏழு வயதில் படம் வரைய ஒரு வண்ணப் பெட்டி வாங்கித் தந்து, இது அப்பாவோட அஞ்சு மணி நேரம் என்றேன். மறுநாள் அதைப் பிரிக்காமலே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மதியம் இரண்டு மணியிலிருந்து வாசலில் நின்றாய். நான் வழக்கம்போல ஏழு மணிக்கு வந்தேன். அஞ்சு மணி நேரத்தைத் திருப்பிக் குடுத்துட்டேனே, ஏன்ப்பா சீக்கிரம் வரல என்று கேட்டாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், வேலையிடத்தில் எல்லாரிடமும் சொன்னேன், ஒரு வாரம் எனக்கு அஞ்சுமணி என்றே பேர். அந்தப் பெட்டியைத் திரும்ப வாங்கித் தர வேண்டும் என்று தோன்றவே இல்லை. இன்று காலை ஆறாவது மாடியில் லிஃப்ட் கூண்டின் மேல் ஸ்பானரோடு நிற்கும்போதுதான் உறைத்தது.

இன்னொன்றையும் நான் சொன்னதே இல்லை. எனக்கு என் வேலை பிடிக்கும். நீ ஷூ கேட்காவிட்டாலும் அந்த ஒன்பது மணி நேரம் போய் வேலை பார்த்திருப்பேன். உன்னால் எதுவும் குறையவில்லை. நான் சொன்ன கணக்கு தப்பு, பாதியைத்தான் உனக்குக் காட்டினேன். மன்னிச்சுக்கோ.

தம்பி சாயங்காலம் பந்து கேட்டான், கேட்ட கையோடு, எத்தனை மணி நேரம்ப்பா என்றான். விலையை மட்டும் சொல்லி, காசு இருக்கு போய் வாங்கிட்டு வாடா என்றேன். ஏதோ தப்பு நடந்த மாதிரி என்னையே பார்த்தான்.

பணம் அனுப்பிவிட்டேன். நாளைக்கே கண் டாக்டரிடம் போ, ரசீது அனுப்பாதே. ஃப்ரேம் நன்றாக இருந்தால் லென்ஸ் மட்டும் மாற்றினால் போதும். இல்லை, அந்த வரியை அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள், புதுசே வாங்கு. தலைவலி விட்டு, கண் தெளிந்து, நீ நன்றாக இருக்க வேண்டும், வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டேன். மதியம் இரண்டு மணிக்கு உன் விடுதி வாசலில் நிற்பேன்.

உன் அப்பா
(அஞ்சுமணி)