போட்டோவில் இருக்கும் சிவப்புக் கோட்டு

கூஸ்கோ, சான் பிளாஸ்
கோர்ப்புஸ் திருவிழா முடிந்த மறுவாரம்

அன்பு மகள் நில்டாவுக்கு,

அப்பா பெனிக்னோ எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மூட்டுவலி மட்டும் இடத்தைக் காலி செய்ய மாட்டேன் என்கிறது. லிமா பஸ்ஸில் உனக்கு அனுப்பும் ரொட்டிப் பொட்டலத்தோடு இதையும் வைக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டதும் "எல்லாம் நல்லாப் போகுதும்மா" என்றுதான் என் வாய் சொல்லும். அதற்கு அது பழகிவிட்டது.

எதெல்வினா சித்தி அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "கோட்டு ஜம்முனு இருக்குப்பா! விடுதியில நல்ல வரும்படி போல. மாசக் கடைசியில வேலையை விட்டுட்டு வந்துடறேன், ரெண்டு பேருமா நடத்தலாம்" என்றாய். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதே. முதலில் இதைப் படி.

அந்தக் கோட்டு என்னுடையது இல்லை.

லௌத்தாரோ என்று ஓர் அர்ஜென்டினாப் பையன் நம் கூட்டு அறையில் தங்கியிருந்தான். முதுகுப் பையும் ஒரு பாக்கெட் சேமியாவுமாக நாடு நாடாகச் சுற்றுகிறவன். "வெந்நீர் வரலேன்னா பாதி வாடகைதான் ஐயா" என்று தினம் பேரம். மாச்சு பிச்சுவுக்கு ரயிலில் போக அவனுக்கு ஏது காசு? வேனில் போய்த் தண்டவாளத்தோரம் நடக்கிறேன் என்று கிளம்பினான். அந்தப் பக்கம் வெக்கை என்பதால் பெரிய பையையும் கோட்டையும் என் பொறுப்பில் விட்டுப் போனான்.

போன வருடத் திருவிழாவில் சித்தி ஊர் எதிரில், "என்ன அத்தான், அக்காவைப் பொண்ணு பாக்க வந்தப்ப போட்ட கோட்டா இது? இன்னும் சாகலையா?" என்று கேட்டாள். அவள் வாய் உனக்குத் தெரியும். அது எனக்குள் தைத்தபடியே கிடந்தது. இந்த வருடம் அவன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். ஒரே ஒரு நாள்தானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன்.

சதுக்கத்தில் நம் சான் பிளாஸ் சப்பரம் வந்து நின்றது. என் கையில் குய் கறியும் வறுத்த சோளமும். சித்தி அசந்துபோனாள். "இப்பத்தான் அத்தான் மனுஷனாத் தெரியறீங்க" என்றவள், பக்கத்தில் சின்னப் பையோடு நின்ற வெளியூர்ப் பையனிடம் போனை நீட்டி, "தம்பி, ஒரு போட்டோ எடுப்பா" என்றாள்.

லௌத்தாரோதான் அது. சாலை மறியல் என்று பாதி வழியிலேயே திரும்பியிருக்கிறான். மெல்லிய சட்டை, குளிரில் உதடெல்லாம் நீலம் பாரித்திருந்தது. கோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "கொஞ்சம் சிரிங்க ஐயா" என்று சொல்லி எடுத்துக் கொடுத்தான்.

அப்போதே கழற்றிக் கொடுத்திருக்கலாம். உள்ளே முழங்கை கிழிந்த ஸ்வெட்டர், எதிரே சித்தி. நான் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். அந்தப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நடுங்கியபடி நடந்து போனான். எழுதவே கூசுகிறது, நில்டா.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். விடுதியில் கோட்டைத் துடைத்து மடித்துக் கொடுத்தபோது, "விருந்து நல்லா இருந்துச்சா ஐயா?" என்று மட்டும் கேட்டான். மறுநாள் காலை குழாயில் பச்சைத் தண்ணீர்தான். ஆனாலும் பேரமே பேசாமல் முழு வாடகையையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். சேமியா தின்று ஊர் சுற்றுகிற பையன் என்மேல் இரக்கப்பட்டிருக்கிறான்.

இதுதான் நம் விடுதியின் நிலைமை. எட்டுக் கட்டிலில் இரண்டில் ஆள் படுத்தால் அன்று நல்ல நாள். மழை வந்தால் ஓடு ஒழுகுகிறது. சதுக்கத்துப் பக்கம் புதிதாக முளைத்த விடுதிகளைத் தாண்டி இத்தனை படியேறி யார் வருகிறார்கள்? என் போட்டோவை நம்பி உன் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளாதே. வேலையை விடாதே.

அந்தப் போட்டோவை இன்னொரு தடவை எடுத்துப் பார். கோட்டை விட்டுவிட்டு முகத்தைப் பார். அதற்குப் பிறகும் அப்பாவைப் பார்க்கவேண்டும் என்று தோன்றினால், லீவு போட்டு நாலு நாள் வா, மகளே. பஸ் நிலையத்தில் சிவப்பைத் தேடாதே. பழைய பழுப்புக் கோட்டில் நிற்பேன்.

ஆண்டவர் உனக்குத் துணையிருப்பார்.

உன் அப்பா,
பெனிக்னோ