மூக்கு போன ரூபாய்

பாய்,

நேற்று மருந்துக்கடையில் கொடுத்த மீதிச் சில்லறையில் ஒரு பத்து ரூபாய்க் காசு வழக்கமான அச்சில் இல்லை. யாருடைய நூற்றாண்டுக்கோ வெளியிட்டது போலிருந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் என் கட்டைவிரல் அதன் விளிம்பை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது. கடையிலிருந்த பெண், "செல்லும் தாத்தா, பயப்படாதீங்க" என்றாள். காசைத் தடவிப் பார்ப்பது என் பழக்கமில்லை, உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

ஆம்பூரில் நாம் வேலை பார்த்த தோல் தொழிற்சாலையில் நீ செலக்டர். பதமாகி வந்த தோல்களைத் தரம் பிரிப்பது உன் வேலை. நான் உப்புத்தாள் சுற்றிய எமரி உருளையில் தோலின் உள்பக்கத்தைத் தேய்ப்பவன். வடக்கு ஜன்னலோரம் மேசையில் தோலை விரித்துவிட்டு, பார்வையை எங்கேயோ வைத்துக்கொண்டு கட்டைவிரலால் தடவிக்கொண்டே போவாய். உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, நம் ஆட்களின் கத்தி பட்ட இடம் எல்லாம் அந்த விரலுக்குத் தெரியும். ஒருமுறை மெட்ராஸ் வியாபாரி முதல் தரக் கட்டைப் பார்த்துச் சரியென்று தலையாட்டிவிட்டார். காரில் ஏறப் போனவரை நீதான் கூப்பிட்டு நிறுத்தினாய். கட்டின் நடுவிலிருந்து ஒரு தோலை உருவி, "இதுல ஒரு வெட்டு இருக்குது சாப், நான் கவனிக்கல. மாத்திக் குடுத்துட்றேன்" என்றாய். முதலாளியின் முகம் கடுகடுவென்று ஆனது. நீ அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இந்த மனுஷனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்று எனக்கு அன்று ஏகப் பெருமை.

நாட்டின் முதல் பிரதமர் காலமானபின் அவர் தலை பதித்த ரூபாய் வெளிவந்தது நினைவிருக்கிறதா? வெள்ளி கலந்தது என்றான் ஒருவன், பின்னால் விலை ஏறும் என்றான் இன்னொருவன். இறந்தவர் தலை போட்ட காசைக் காலையில் முதல் போணிக்கு வாங்கமாட்டேன் என்று மளிகைக்கடைக்காரர் ஒருவர் அடம்பிடித்தார். "ஜார்ஜ் ராஜா மட்டும் உசுரோடவா இருந்தாரு? அவரு காச வாங்கிக் கல்லாவுல போட்டீங்களே" என்று கேட்டு அவரையே சிரிக்க வைத்தாய். எனக்குப் புத்தம் புதிதாக ஒன்று கிடைத்தது. பஞ்சு வைத்த மாத்திரை டப்பாவில் அதைப் பத்திரப்படுத்தினேன். "அந்த மனுஷனக் கொஞ்சம் வெளிய வுடு தோஸ்த், மூச்சு முட்டப் போவுது" என்று பார்க்கும்போதெல்லாம் கிண்டல் செய்வாய். காசு கைமாறிக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் உன் கட்சி.

அப்படிப்பட்ட நீ ஒரு நாள் வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கியதும் நேராக என்னிடம் ஓடி வந்தாய். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாக அன்று விடியற்காலையில் பெண் பிறந்திருந்தது, தாயும் பிள்ளையும் நலம். திரும்பி வந்த பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த சில்லறையில் அந்தத் தலை போட்ட ரூபாய் ஒன்று இருந்திருக்கிறது.

"நீதான் இதுல கில்லாடி. சொல்லு, வச்சுக்கலாமா, செலவு பண்ணிடலாமா? பொண்ணு பொறந்த அன்னிக்குக் கைக்கு வந்துச்சு."

காசில் தோல் பதமிடும் பட்டைத் தண்ணீர்க் கறை அப்பிக் கிடந்தது, யாரோ நம் ஊர்த் தொழிலாளி கையில் புழங்கியிருக்க வேண்டும். "கண்டிப்பா வச்சுக்க. குடு, சுத்தம் பண்ணித் தர்றேன்" என்று பெரிய நிபுணன் மாதிரி வாங்கிக்கொண்டேன்.

புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருந்தால் போதும். ஆனால் எனக்குத் தெரிந்த தேய்ப்பு ஒன்றுதானே! காசை எமரி உருளையில் வைத்தேன். ஒரு கண்சிமிட்டல்தான். கறை போயிற்று. கூடவே பிரதமரின் மூக்கும் கன்னத்தில் பாதியும் போயிற்று.

உன் எதிரே போய் நின்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மறுநாள் மாத்திரை டப்பாவைத் திறந்து என் காசை எடுத்து வந்து, உன்னுடையது என்று நீட்டினேன். நீ விளிம்பைத் தடவினாய். என் முகத்தைப் பார்த்தாய். "ஜோரா இருக்குது" என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் டீக்கடையில் இரண்டு டீயும் பன்னும் சொன்னாய். குடித்து முடித்ததும், பேசிக்கொண்டே அந்த ரூபாயை எடுத்துக் கல்லாவில் நீட்டினாய்.

"ஐயோ, பாய், அது என்னுது!" என்று கத்திவிட்டேன்.

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ மட்டும் நிதானமாக, "தெரியும். என்னுதுல ஓரத்துல ஒரு சின்ன வெட்டு இருந்துச்சு. அது எங்க?" என்றாய்.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அதை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாய். எனக்கு உயிர் போயிற்று. நீயோ கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாய்.

"மூக்கு போனா இன்னா? என் பொண்ணு பொறந்த அன்னிக்கு வந்தது இதுதானே? சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா உனக்கு?"

பிறகு வேறு சில்லறை கொடுத்து, என் காசை மீட்டு என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாய். "பொத்திப் பொத்தி வச்சிருந்தத எனக்காகத் தூக்கிக் குடுத்துட்டியே. எவனுக்கு வரும் இந்த மனசு?" என்றாய். நான் காசைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நீ அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாய். உன்னை அடக்கம் செய்த அன்று, தலையில் முக்காட்டோடு நின்றிருந்த உன் மகள் என்னைத் தன் பிள்ளைகளிடம் காட்டி, "தன் காசையே எங்கப்பாவுக்குக் குடுத்தவரு, பெரிய மனசுக்காரரு" என்றாள். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

பாய், உனக்காக நான் அதைக் கொடுக்கவில்லை. உனக்குப் பயந்துதான் கொடுத்தேன். அதே போல இன்னொரு ரூபாய் சில்லறையில் அகப்பட்டதும், ஏதாவது சாக்குச் சொல்லி உன்னிடம் மாற்றி வாங்கிவிட வேண்டும் என்ற திட்டத்தோடுதான் கொடுத்தேன். நீ புகழ்ந்த மனசு அன்று என்னிடம் இல்லவே இல்லை.

அதன் பிறகு யாராவது வந்து ஒன்று கேட்கும்போது, கை தயங்கும்போதெல்லாம், நீ அப்படிச் சொல்லிவிட்டாயே என்று கொடுத்துவிடுகிறேன். நீ சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்றுதான், இந்த வயது வரைக்கும்.