இடப்பக்கம் திரும்பினால் எரியும் விளக்கு

அன்புள்ள கப்பல்காரருக்கு,

எல்லோரும் சுகம். போனில் சொன்னால் நடுவில் நீங்கள் பேசிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பிக்கப்பில் ஏபிஎஸ் விளக்கு அணைந்துவிட்டது என்றேன் அல்லவா? அணையவில்லை. ஆப்பிளில் இருந்த ஸ்டிக்கரை உரித்து அதன்மேல் ஒட்டியிருந்தேன். உங்கள் அம்மாதான் பார்த்துவிட்டு, ஏன்டி, வண்டிக்குள்ள ஆப்பிள் காய்ச்சிருக்கு என்று கேட்டார். உங்களுக்குப் போட்டுக்கொடுத்ததும் அவர்தான்.

பிரேக் கோளாறான வண்டி உனக்கு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை தம்பி வருவான், சாவியைக் கொடுத்துவிடு, அவன் விற்றுவிடுவான் என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்க மாட்டேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை இந்த வண்டியை நம்பித்தான் எடுத்தேன். வண்டி போனால் பழையபடி உங்கள் போனுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். அந்த உத்தியோகத்தில் சம்பளமும் இல்லை, லீவும் இல்லை.

வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் விளக்கு போய்விடும். நேரே ஓட்டினால் வராது. கடைவீதி முனையில் இடப்பக்கம் திரும்பினால் போதும், வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒர்க்‌ஷாப் எலெக்ட்ரீஷியனிடம் சொன்னேன். லைட்டுக்குத் திசையெல்லாம் தெரியுமாக்கா என்று சிரித்தார். சிரித்தாலும் மீட்டரோடு வீட்டுக்கு வந்தார், நல்ல மனுஷன்.

பிரேக் அடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் ஏபிஎஸ்ஸாம். அதற்குச் சக்கரம் சுழலும் வேகத்தைப் பார்த்துச் சொல்ல அதனருகே ஒரு சென்சார் இருக்கிறதாம். அதன் ஒயரில் மீட்டரை வைத்தார். ஸ்டீயரிங் திருப்ப ஆள் வேண்டுமே. உங்கள் அம்மா ஏறி உட்கார்ந்தார். கப்பல்காரனைப் பெத்தவ, இதைத் திருப்ப மாட்டேனா என்றார். வலப்பக்கம் திருப்பினால் மீட்டர் எண் காட்டியது. இடப்பக்கம் திருப்பினால் ஊமையாகிவிட்டது. ஒயர் வெளியே பளபளவென்று இருந்தது, உள்ளே செம்பு அறுந்திருந்தது. நம் சொந்தக்காரர்களில் சிலரைப்போல. புது ஒயரோடு சென்சார் மாற்றியாயிற்று. கடைவீதி முனையை அன்று வேண்டுமென்றே சுற்றிச் சுற்றி வந்தேன். விளக்கு வரவில்லை.

பயந்துதான் எழுதினீர்கள், எனக்குத் தெரியும். நானும் நீங்கள் கடலில் இருக்கும்போது காற்றடித்தால் தூங்குவதில்லை. அதற்காகக் கப்பலை விற்கச் சொன்னேனா? பத்திரமாக வந்து சேருங்கள். துறைமுகத்தில் வண்டியோடு நிற்பேன். பக்கத்து சீட் உங்களுக்கு.

இப்படிக்கு,
சாவி கொடுக்காதவள்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தார். விளக்கு அணைஞ்சா போதுமா அண்ணி, பிரேக் பிடிக்குதான்னு நான் பாக்கணும் என்று ஸ்கூட்டரில் ஒட்டினாற்போல் பின்னாலேயே வந்தார். தள்ளி வாங்க என்று இரண்டு தரம் சொன்னேன். ஈரச் சாலையில் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். மிதி காலடியில் கடகடவென்று அதிர்ந்தது, சக்கரம் இழுபடாமல் வண்டி நேராக நின்றது. ஸ்கூட்டரில் ஏபிஎஸ் கிடையாது. தம்பிக்கு மூக்கு மட்டும் வீங்கியிருக்கிறது. ஸ்கூட்டரைப் பிக்கப்பில் ஏற்றி ஒர்க்‌ஷாப்பில் இறக்கிவிட்டேன்.