நீ லீவு கேட்ட மூன்று செவ்வாய்க்கிழமைகள்

அன்பு மச்சாள் மலருக்கு,

சுகமா என்று கேட்டுத் தொடங்க வாய் வரவில்லை. நீ போய் இன்றோடு இருபத்தாறு நாள். முப்பத்தோராம் நாளுக்கு உனக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். அட்டையில் போட உன் படம் தேடி வீடு முழுக்கக் கிளறியும், நீ தனியாக நிற்கிற படம் ஒன்றுகூட அகப்படவில்லை. கடைசியில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிப் படத்திலிருந்து உன்னை வெட்டி எடுத்தார்கள். கழுத்தில் விசில் தொங்குகிறது. அதையும் அழித்துவிடலாம் என்கிறார் அச்சகக்காரர்.

நேற்று அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். உன் புருஷன்தான். கட்டாரிலிருந்து நீ கண்மூடுவதற்கு நான்கு நாள் முன்னர்தானே வந்து சேர்ந்தார்? வந்த நாளிலிருந்து அவருக்கு அழுகையும் இல்லை, பேச்சும் இல்லை. நேற்றுத்தான் வாய் திறந்தார். "நீ இங்கிலீஷ் டீச்சர்தானே, நினைவு மலருக்கு நீயும் ஒண்டு எழுது. அவள் எல்லாத்தையும் தனிய நிண்டு மனேஜ் பண்ணினவள் எண்டு வடிவா எழுது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் இல்லை, அந்தச் சொல்லின்மேல். பள்ளிக்கூடத்து இரங்கல் கூட்டத்தில் அதிபர் அதை நான்கு தரம் சொன்னார். வீட்டை மனேஜ் பண்ணினாராம், வகுப்பை மனேஜ் பண்ணினாராம், நோயையும் சிரித்த முகத்தோடு மனேஜ் பண்ணினாராம். உன் பாடவேளையை எடுக்கச் சொன்னால் முகத்தைச் சுளித்தவர்களெல்லாம் அன்றைக்கு முன்வரிசையில் இருந்து மூக்கை உறிஞ்சினார்கள். நானும் உறிஞ்சினேன். செத்தவளைப் புகழ்வதில் எங்களை அடிக்க ஆளில்லை.

வீட்டுக்கு வந்து அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பெரிய அகராதியை இறக்கினேன். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற வினைச்சொல்தான், ஆனால் அது எங்கே பிறந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. குதிரை லாயத்தில் பிறந்ததாம், மச்சாள். இத்தாலிக்காரர் குதிரையைக் கையால் பிடித்துப் பழக்குவதற்குச் சொன்ன சொல். அதற்கும் அடியில் லத்தீனில் 'கை' என்ற சொல் இருக்கிறது. நானூறு வருடத்துக்கு மேலாயிற்று அது ஆங்கிலத்துக்கு வந்து. பிறகு பிரெஞ்சுக்காரர் வீடு நடத்துவதற்குச் சொல்கிற சொல்லும் வந்து கலந்து, இப்போது ஆளையும் கடையையும் நாட்டையும் நடத்துவதற்கு அதுதான். எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில் மனேஜ்மென்டைத் தமிழாக்கி முகாமைத்துவம் என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறோமே, அதற்கும் பூர்வீகம் அந்த லாயம்தான்.

யோசித்துப் பார். பழக்குகிறவனுடைய கைவேலை அது. எந்த இத்தாலிக்காரனாவது கடிவாளத்தைக் குதிரையின் வாயிலேயே கொடுத்து, நீயே உன்னை மனேஜ் பண்ணு என்று சொல்லியிருப்பானா? நாங்கள் சொன்னோம். வீடு உன் கையில், பிள்ளை உன் கையில், முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடம் உன் கையில். கை கொடுக்க மட்டும் ஒருவரும் இல்லை.

அந்தச் சொல்லுக்கு இன்னொரு பயன்பாடு இருக்கிறது. அதை உனக்குச் சொல்லித் தந்ததே நான்தான். ஆசிரியர்களுக்கான ஆங்கிலப் பரீட்சைக்கு நீ படித்த காலம். தன்னாமுனையில் உன் குசினியில் நீ இறால் உரித்துக்கொண்டிருக்க, நான் கதிரையில் இருந்து கேள்வி கேட்பேன்.

"உதவி செய்யட்டா எண்டு ஒராள் கேட்டா, மரியாதையா வேணாம் எண்டு எப்பிடிச் சொல்லுற?"

"ஐ கேன் மனேஜ்."

"சரியான விடை!"

"அப்ப உதவி வேணுமெண்டா என்ன கா சொல்லுற?"

நான் சிரித்துவிட்டு, "அது இந்தப் பாடத்தில இல்ல மச்சாள்" என்றேன். நீயும் சிரித்தாய். பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தாய். படித்ததை மறக்காத மாணவி நீ. அதுதான் வினையாகப் போயிற்று.

இனி நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். இதை வாசிக்கிற வெளியாருக்காக எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு டீச்சர் லீவு எடுப்பதென்றால் அதிபரிடம் கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது. தன்னுடைய பாடவேளைகளை யார் யார் எடுப்பது என்று அவவே ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்க வேண்டும். பெயர்களை ரிலீப் புத்தகத்தில் எழுதிப் பகுதித் தலைவியிடம் ஒப்பம் வாங்க வேண்டும். அந்த ஒப்பம் இல்லாமல் கடிதத்தை அதிபர் கையால் தொடமாட்டார். எந்தச் சட்டத்திலும் இப்படி இல்லை. நாங்களே உண்டாக்கி நாங்களே கழுத்தில் மாட்டிக்கொண்டது. அந்தப் பகுதித் தலைவி நான்.

முதல் செவ்வாய்க்கிழமைக்கு முந்திய நாள் நீ கிளினிக் காட்டோடு, ஆஸ்பத்திரியில் தேதி போட்டுக் கொடுக்கிற அந்த அட்டையோடு, வந்தாய். மற்றவர்களுக்கு முன்னால் நீ என்னை மச்சாள் என்று கூப்பிடுவதில்லை.

"மிஸ், நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகோணும். கட்டியில ஊசி குத்தி எடுத்தவங்க, அந்த ரிப்போட் வந்திருக்குமாம்."

"எத்தினை பாடவேளைக்கு ஆள் பிடிச்சிருக்கிறீங்க?"

"ரெண்டுக்கு. மிச்சம் மூண்டுக்கும் ஒராளும் வாறல்ல."

நான் ஒப்பம் வைக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கு ஏற்கெனவே மூன்று பேர் லீவு. ஆனால் உண்மையான காரணம் அதுவும் இல்லை, மலர். அந்தக் கிழமைதான் ஓய்வறையில் ஒருத்தி, "மச்சாளும் மச்சாளும் சேர்ந்து ரிலீப் புத்தகத்தைக் குடும்பச் சொத்தாக்கிட்டாங்க" என்று என் காதில் விழப் பேசியிருந்தாள். நான் நேர்மையானவள் என்று அவளுக்குக் காட்ட வேண்டியிருந்தது. வேறு எந்த டீச்சர் அந்தக் காட்டோடு வந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். நீ சொந்தக்காரி என்பதால் போடவில்லை.

"இந்தமுறை மனேஜ் பண்ணுங்க. அடுத்த கிளினிக்குக்குப் போகலாம்" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"ஓம் மிஸ். மனேஜ் பண்ணுவன்."

ஐந்து கிழமை கழித்து அடுத்த செவ்வாய். அப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளுக்கு மாதிரிப் பரீட்சை. நீ கேட்டாய். நான் அதையே சொன்னேன். நீயும் அதையே சொன்னாய். மூன்றாவது தடவை நீ கேட்கக்கூட இல்லை. காட்டை என் மேசையில் வைத்துவிட்டு நின்றாய். நான் புத்தகத்தில் குனிந்து பெயர்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது காட்டும் இல்லை, நீயும் இல்லை. வகுப்பில் உன் குரல் கேட்டது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. கேட்டாயா? அப்பாடா என்று!

விடுமுறை வந்த பிறகுதான் போனாய். டொக்டர், இவ்வளவு காலம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாராம். துணைக்கு வந்து வெளி வாங்கில் குந்தியிருந்த எனக்கு நீ அதை வந்து சொன்னாய். "பள்ளிக்கூடத்தில வேலை கூட எண்டு சொன்னன் மச்சாள்" என்றாய். என் பெயரை நீ அவரிடமும் சொல்லவில்லை, அண்ணனிடமும் சொல்லவில்லை. கட்டில் பிடித்துக் கிடந்த அந்த நான்கு மாதத்தில் ஒரு தரமாவது என்னைத் திட்டிப் பேசியிருக்கலாமே? ஏன் பேசவில்லை? பேசியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லி, அழுது, காலைப் பிடித்து, ஒரு வழி பண்ணியிருப்பேன். நீயோ என்னைத் தலையணையைச் சரிபண்ணச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாய்.

இங்கே நடப்பதையும் சொல்கிறேன். இறுதிச் சடங்கு முடிந்து நான் பள்ளிக்கூடம் போன முதல் நாள், கர்ப்பமாயிருக்கிற நம் கணித டீச்சர், ஏறாவூர்ப் பிள்ளை, தெரியுமே, அவள் முகம் வெளிறிப்போய் வந்தாள். "மிஸ், தலை சுத்துது, ரெண்டு பாடவேளை மட்டும் ஓய்வறையில இருக்கட்டா?" என்றாள். என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "கொஞ்சம் மனேஜ் பண்ணுங்க பிள்ள, ஆளில்ல." உன் சாம்பல் ஆறவில்லை, மலர். எனக்குத் திருந்துகிற புத்தி இல்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பிறகு ஓடிப்போய் அவளை இருத்தி, அந்த இரண்டு பாடவேளையும் நான் எடுத்தேன். அதற்காக எனக்கு ஒரு புண்ணியமும் வேண்டாம்.

ஆனால் இதையெல்லாம்விடக் கேவலமான வேலை ஒன்று செய்திருக்கிறேன். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள் உன் மகள் அபி என் பக்கத்தில் வந்து இருந்தாள். கல்லடிப் பக்கம் டியூசனுக்குப் போய்வந்த சட்டையைக்கூட மாற்றவில்லை.

"மாமி, அம்மா ஏன் கிளினிக்குக்குப் போகாம விட்டவ? மூண்டு முறை காட்டில போட்டிருக்கு. ஒண்டுக்கும் போகல்ல."

கையில் உன் காட்டு. தேதிகளுக்கு நேரே ஒன்றும் எழுதாமல் வெறுமையாகக் கிடந்த மூன்று கட்டங்களையும் எனக்கு விரலால் தொட்டுக் காட்டினாள். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்? "உங்கட அம்மாக்குப் பள்ளிக்கூடம்தான் பிள்ள பெருசு. பிள்ளைகளை விட்டிட்டு அசையமாட்டா" என்றேன். அதைப் பெருமை மாதிரிச் சொன்னேன், பாவி.

அவள் அழவில்லை. "அப்ப எங்களைவிட அந்தப் பிள்ளைகள்தான் பெருசு" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். அன்றையிலிருந்து உன் படத்துக்கு முன்னால் விளக்கு வைக்கிறாளில்லை. அண்ணன்தான் தட்டுத்தடுமாறி வைக்கிறார். நினைவு மலருக்கு மகளின் சார்பில் நான்கு வரி எழுதச் சொன்னதற்கு, "எனக்கு எழுத ஒண்டும் இல்ல" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். என் பொய்யை நம்பி உன் பிள்ளை உன்னை வெறுக்கிறாள், மலர். நீ உயிரோடு இருந்தபோது லீவைப் பறித்தேன், செத்த பிறகு மகளையும் பறித்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் "ஏலாது" என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. வயலில் நிற்கிறவர்களும், வாவியில் வலை வீசுகிறவர்களும் வெட்கமில்லாமல் சொல்லுகிறார்கள். இண்டைக்கு ஏலாது, மழை. இண்டைக்கு ஏலாது, காய்ச்சல். படித்த எங்களுக்கு மட்டும் அது வாயில் வருவதில்லை. நீ அதை ஒருதரம் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? தெரியாது. கேட்டிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் இந்தக் கடிதத்திலும் பொய் எழுத முடியாது.

நாளை காலையில் இந்தத் தாள்கள் அச்சகத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் அண்ணனின் கையில் கொடுக்கப் போகிறேன். கிழித்து எறிவாரோ, என்னை வாசலோடு நிற்பாட்டுவாரோ, அவர் பாடு. எது செய்தாலும் நியாயம். அவர் அச்சடிக்க விடாவிட்டால் நான் வேறிடத்தில் அச்சடித்து, நினைவு மலர் போன வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பேன். இரங்கல் கூட்டத்தின் முன்வரிசைக்கு முதலில்.

அபிக்கு மட்டும் தாளில் கொடுக்கமாட்டேன். அவளை முன்னால் இருத்தி, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்: உன்ட அம்மா போகாம விட்டவ இல்ல, பிள்ள. மூண்டு முறை வந்து கேட்டவ. நான்தான் விடல்ல. இது சத்தியம், மலர். அதற்குப் பிறகு அவள் என்னை மாமி என்று கூப்பிடவே வேண்டாம். உன்னை அம்மா என்று கூப்பிட்டால் போதும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க முகமில்லாத,
உன் புருஷனின் தங்கச்சி, உன் பிள்ளையின் மாமி,
உன் மச்சாள்
சுலோ