புழுவும் குளவியும், மாரிகுப்பம் நாலாம் கிளாசும்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடைக்கம்பி ஒன்று உடைந்தது. வீட்டுக்காரர் செல்வம் முதல் வண்டியிலேயே பெங்களூர் வேலைக்குக் கிளம்பிவிட்டார், டிபன் டப்பாவை மேசை மேலேயே விட்டுவிட்டு. நான் ஸ்கூலுக்கு எடுத்துப் போய் மத்தியானம் அதைச் சாப்பிட்டேன். எலுமிச்சை சாதம், உப்பு கம்மி. அவர் ஒன்றும் இழந்துவிடவில்லை.

செய்ய வேண்டியவை: பிள்ளைகளுக்குக் காலையில் ஊற்றும் ராகி மால்ட் கஞ்சிக்குப் பதிவு, தமிழ்ப் பாடம் மூன்று, கௌசல்யா விஷயம்.

கௌசல்யா பூதிகோட்டையில் கன்னட ஸ்கூலில் படித்துவிட்டு இந்த ஜூனில் என் நாலாம் கிளாசுக்கு வந்த பெண். அம்மா தமிழ், அப்பா கன்னடம். தமிழ் நன்றாகப் பேசுவாள் என்று அம்மா சொல்கிறாள், வகுப்பில் நான் கேட்டதில்லை. தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. கடைசி பெஞ்சில் ஜன்னல் பக்கம். வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வாள்.

எச்.எம். கூப்பிட்டுப் பேசினார். இந்த மாசம் முடிவதற்குள் தேறவில்லை என்றால் எதிர்ப்பக்கம், கன்னடப் பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்றார். நடுவில் ஒரு வராண்டாதானே, தாண்டினால் ஆச்சு என்றார். அவருக்கு எல்லாமே வராண்டா. "புள்ள ரெண்டு எழுத்தாவது தமிழ்ல படிக்கணும் டீச்சர், எங்க அம்மா வூட்டு ஆளுங்க யாருக்கும் கன்னடம் படிக்க வராது" என்று அவள் அம்மா அட்மிஷன் அன்றைக்குச் சொன்னது மனசிலேயே நிற்கிறது. அந்தம்மா கார்மென்ட்ஸ் வேலைக்கு தினமும் ரயிலில் போகிறாள். அடிக்கடி வந்து கேட்க நேரமில்லை.

வகுப்பில் இன்று பாடமே நடக்கவில்லை. ஜன்னல் சட்டத்தில் ஒரு குளவி ஈரமண் கொண்டுவந்து கூடு கட்டுகிறது. சின்னப் பானை மாதிரி, கழுத்தெல்லாம் வைத்து. பக்கத்திலேயே முன்பே கட்டி மூடிய இன்னொரு பானை. மொத்த வகுப்பும் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. "உள்ள இன்னா கீது டீச்சர்?" என்று ஆல்பர்ட் கேட்டான். குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து உள்ளே வைக்கும், கொட்டிக்கொண்டே இருக்கும், கடைசியில் புழுவே குளவியாகிப் பறக்கும், விடாமல் படித்தால் நீங்களும் அப்படித்தான் என்றேன். வராண்டா சுவரிலேயே பெயிண்டில் எழுதியிருக்கிறது: கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும். எனக்கே பெருமையாக இருந்தது, பாடத்தையும் இயற்கையையும் சேர்த்துவிட்டேன் என்று.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது.

சமையல் நாகம்மா ஒட்டடை அடிக்கும்போது துடைப்பம் பட்டு அந்த மூடிய பழைய கூடு விழுந்து உடைந்துவிட்டது. பிள்ளைகள் நாகம்மாவோடு சண்டை. பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

உடைந்த மண்ணுக்குள் பச்சைப் புழுக்கள். ஒன்று இல்லை, கொத்தாக. செத்த மாதிரி கிடந்தாலும் குச்சியால் தொட்டால் லேசாக அசைகின்றன. நடுவில் வெள்ளையாக, குண்டாக ஒரே ஒரு புழு, ஒரு பச்சைப் புழுவின் மேல் வாயை வைத்துக்கொண்டு.

ஆல்பர்ட் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான், எல்லாப் புழுவும் குளவியானா இத்தனை குளவி இவ்வளவு சின்னப் பானையில எப்படி இருக்கும் டீச்சர். அதுக்குள் இன்னொருத்தி, அந்த வெள்ளை இன்னா பண்ணுது, தின்னுதா என்றாள். நேற்றைய பெருமை எங்கே போனதோ.

போனில் இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்தேன். (யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்கிறார்களே, அது. இனி க.க. என்று எழுதுகிறேன், கை வலிக்கிறது.) தமிழில் இந்தக் குளவிக்கு இரண்டே வரி. பூச்சி வகை, மண்ணால் கூடு கட்டும். அவ்வளவுதான். அது எங்களுக்கே தெரியுமே.

பக்கத்து மொழிகளில் கன்னடத்தைத் தொட்டேன். நீளமாக இருந்தது. எனக்குக் கன்னடம் பேச்சில் தண்ணீர் பட்ட பாடு, வாசிப்பில் எழுத்துக் கூட்டணும். முதல் வரியிலேயே தடுமாறிக்கொண்டிருந்தேன். தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், கடகடவென்று அந்த வரியை வாசித்தது.

கௌசல்யா. எப்போது எழுந்து வந்தாள் என்றே தெரியாது.

வாசித்துவிட்டு அவளே தமிழில் சொன்னாள்: "புழு மாறாது டீச்சர். குளவி உள்ள முட்டை போடுது. பச்சைப் புழு அதோட குட்டிக்கு சாப்பாடு. கொட்டினா சாகாது, மயங்கிக் கிடக்கும். கெட்டுப்போகாம இருக்கணும்ல."

எல்லோரும் ஒரே சமயத்தில் அவளைச் சுற்றி. இன்னும் படி, இன்னும் படி.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். தெருவில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஜூலை 9, புதன்

மேகமூட்டம். தயிர் வாங்க மறந்தேன்.

க.க. பக்கத்தைப் பெரிசாகக் காட்ட டிவி வேண்டும். பழைய மாணவர் ஒருவர் ஸ்கூலுக்கென்று வாங்கித் தந்த டிவி கன்னடப் பிரிவு அலமாரியில். சாவி அங்கே நாலாம் கிளாஸ் எடுக்கும் மஞ்சுளா மேடத்திடம். போன வருஷம் ஆண்டு விழா ஒத்திகைக்கு டிவி கேட்டு நான் ஏதோ சொல்ல, அவர் ஏதோ சொல்ல, அன்றிலிருந்து இருவருக்கும் குட் மார்னிங் மட்டும்.

வராண்டாவைத் தாண்டினேன். எச்.எம். சொன்ன மாதிரி அவ்வளவு சின்ன வராண்டா இல்லை அது.

விஷயத்தைச் சொன்னதும் மஞ்சுளா முகம் மாறியது. கீட பிருங்க நியாயம் என்று கன்னடத்திலும் இதே கதைதானாம். குளவியையே பார்த்துப் பார்த்துப் புழு குளவியாகும் என்று போன வாரம்தான் சொல்லிக்கொடுத்தாராம். இருவரும் சிரித்தோம். டிவி மட்டும் இல்லை, முழு வகுப்பையும் கூட்டிக்கொண்டு என் வகுப்புக்கே வந்துவிட்டார்.

ஒரே அறையில் இரண்டு வகுப்பு. பெஞ்சு போதாமல் தரையில். டிவியில் கன்னடப் பக்கம். கௌசல்யா எழுந்து நின்று வாசித்தாள். ஒரு வரி கன்னடம், அதே வரி தமிழில். கன்னடப் பிள்ளைகளிலும் பாதிப் பேர் வீட்டில் தமிழ்தானே, அவள் தமிழ் வார்த்தைக்குத் திணறினால் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். 'மயங்கி' என்பதற்கு ஒருத்தன் 'மப்பாகி' என்றான். மஞ்சுளாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எச்.எம். கதவோரமாக நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஜூலை 11, வெள்ளி

நேற்று எழுதவில்லை, தலைவலி.

தமிழ்ப் பக்கத்தில் இரண்டு வரிதானே, நாமே எழுதலாமா என்று நேற்று கேட்டேன். அவ்வளவுதான். இன்று முழுவதும் அதே வேலை. பிள்ளைகள் சொல்லச் சொல்ல கரும்பலகையில் எழுதினேன்.

சண்டைகள்: வூடா, வீடா, கூடா (கூடு ஜெயித்தது). 'குட்டி' என்று எழுதலாமா (கூடாதாம், ஆட்டுக்குத்தான் குட்டி. 'இளம்புழு' என்று வைத்தோம்). 'பாவம் பச்சைப் புழு' என்ற வரி வேண்டும் என்று ஆல்பர்ட் ஒற்றைக்காலில் நின்றான். க.க.வில் பாவம் புண்ணியம் எழுத மாட்டார்கள் என்று சமாதானம் செய்தேன்.

கௌசல்யா ஒரு வரி தானே எழுதுவேன் என்றாள். பலகையைப் பார்த்து எழுத்து எழுத்தாக: தாய்க்குளவி கூட்டை மண்ணால் மூடிவிட்டுப் பறந்துவிடும். மூக்கில் வேர்வை. எழுதி முடித்துவிட்டு என்னிடம் மெதுவாக, க ஒண்ணுதான் இருக்கு, கன்னடத்துல நாலு, தமிழ் ஈசி டீச்சர் என்றாள். ழகரத்தை அவள் இன்னும் சரியாகச் சந்திக்கவில்லை. சொல்லவில்லை.

உடைந்த கூட்டைப் போட்டோ எடுத்து, எல்லாவற்றையும் என் கணக்கில் ஏற்றினோம். 'சேமி' பொத்தானை யார் அழுத்துவது என்று அடிதடி வரப் பார்த்தது. நாகம்மாவை அழைத்து அழுத்தச் சொன்னேன். கூட்டை உடைத்த கைதானே. சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டு, பயந்து பயந்து அழுத்தினாள்.

செல்வம் வண்டியிலிருந்தே படித்துவிட்டுப் போன் பண்ணினார். பக்கத்து சீட்டுக்காரரிடமும் காட்டினாராம்.

ஜூலை 12, சனி

காலையில் டிவியில் பக்கத்தைத் திறந்தால் பழைய இரண்டு வரி. எங்கள் போட்டோ மட்டும் ஓரமாக. மீதியெல்லாம் காணோம்.

வகுப்பு முகமே செத்துப்போயிற்று. அழிச்சிட்டாங்களா, யாரு என்று கேட்கிறார்கள். கௌசல்யா தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குக் குறிப்பு வந்திருந்தது. யாரோ ஒருவர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்: நேரில் பார்த்ததையும் வேறு மொழிப் பக்கத்தையும் வைத்து எழுதியிருக்கிறீர்கள் போலிருக்கிறது, அச்சில் வந்த நூல் ஒன்றை ஆதாரமாகக் காட்டினால் திரும்பச் சேர்க்கலாம், படம் அருமை. எனக்கு 'படம் அருமை' கண்ணிலேயே படவில்லை. சுடச்சுட ஒரு பதில் அடித்தேன், இது ஒன்பது வயசுப் பிள்ளைகள் எழுதியது என்று ஆரம்பித்து. மஞ்சுளா என் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"அவர் கேட்டது நியாயம்தான், ஸ்டெல்லா மேடம். நாம ரெண்டு பேரும் ஆதாரம் கேக்காமத்தானே இத்தனை வருஷம் புழுவைக் குளவியாக்கினோம்."

பதிலை அழித்தேன்.

அரை நாள்தானே. ஸ்கூல் விட்டதும் இருவரும் ஆட்டோ பிடித்து ராபர்ட்சன்பேட்டை லைப்ரரிக்கு. தமிழ் அலமாரியில் பாம்பு இருக்கிறது, பறவை இருக்கிறது, பூச்சி இல்லை. தூசியில் தும்மல் மேல் தும்மல். கன்னட அலமாரியின் அடித்தட்டில் மஞ்சுளா குந்தி உட்கார்ந்து தேடினார். திடீரென்று மேடம், மேடம் என்று சத்தமாகக் கூப்பிட, பேப்பர் படித்துக்கொண்டிருந்த பென்ஷன்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பூச்சிகள் பற்றிக் கன்னடப் புத்தகம். குளவிக்கு ஒரு முழு அத்தியாயம், கூட்டைக் குறுக்கே வெட்டிய படத்தோடு. முட்டை கூட்டின் மேற்கூரையிலிருந்து நூலில் தொங்குமாம். இது எங்களுக்கே தெரியாதது.

பிறகு மசாலா பூரி. அவருக்குக் காரம் கம்மி, எனக்கு டபுள். ஆண்டு விழா பற்றி யாரும் பேசவில்லை. தேவைப்படவில்லை.

ஜூலை 14, திங்கள்

நேற்று சர்ச், மாமியார் வீடு, மட்டன். எழுத ஒன்றுமில்லை.

இன்று மறுபடி இரண்டு வகுப்பும் ஒன்றாக. அழித்தவர் கெட்டவர் இல்லை, 'உனக்கு எப்படித் தெரியும்' என்றுதான் கேட்டார், நீங்களும் என்னிடம் அதைத்தானே கேட்டீர்கள் என்று சொன்னேன். ஆல்பர்ட் ஒத்துக்கொண்டான். கேக்கலாம், ஆனா அழிச்சிட்டுக் கேக்கக் கூடாது என்றான்.

கௌசல்யா புத்தகத்தை வாசித்தாள், நாங்கள் எங்கள் வரிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். ஒன்று தப்பு: குளவி ஈரமண்ணை அப்படியே வைத்துக் கூடு கட்டும் என்று எழுதியிருந்தோம். வாயிலிருந்து வரும் ஈரத்தையும் சேர்த்துக் குழைக்குமாம். மாற்றினோம். நூலில் தொங்கும் முட்டையைச் சேர்த்தோம். கீழே ஆதாரமாகப் புத்தகத்தின் பெயர். மஞ்சுளா எழுத்துச் சொல்ல நான் கன்னடத்தில் தட்டினேன். தமிழ்ப் பக்கத்துக்குக் கன்னடச் சாட்சி.

சாயங்காலம் அதே மனிதரிடமிருந்து: நன்றி, இப்போது மிக நன்றாக இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

பக்கம் நிற்கிறது. முதல் மணி அடித்ததும் அதைத்தான் பார்த்தோம்.

எச்.எம்.முக்கு இப்போது சுவர் கவலை. தப்பான விஷயம் ஸ்கூல் சுவரில் இருக்கலாமா, வெள்ளையடித்துவிடவா என்று கேட்டார். பிள்ளைகளிடமே கேட்கச் சொன்னேன். அழிக்கக் கூடாது என்று ஒரே குரல். பழமொழி பழமொழிதானாம், ஆனால் பின்னால் ஒரு கேள்விக்குறி போடணுமாம். எச்.எம். கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். பிறகு அவரே பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்துவந்து போட்டார். பெரிய கேள்விக்குறி, புள்ளி வழிந்துவிட்டது.

போகும்போது கௌசல்யா பற்றிச் சொன்னார். மாற்ற வேண்டாம். ஆனால் கன்னடப் பிரிவு வாசிப்பு நேரத்துக்கு அவளை அனுப்ப முடியுமா என்று மஞ்சுளா கேட்கிறாராம். "ரெண்டு பக்கமும் இழுக்குறீங்களே, புள்ள தாங்குமா" என்றார். தாங்கும் சார் என்றேன். ஒரு வாரமாக ஸ்கூல் விட்ட பிறகும் என்னோடு உட்கார்ந்து தமிழ் எழுத்து படிக்கிறாளே.

ஜூலை 17, வியாழன்

நல்ல மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது.

கௌசல்யா அம்மா காலையில் வந்தாள். ரயிலுக்குப் போகிற அவசரம், வாசலிலேயே நின்றாள். ராத்திரி போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து மகள் ஒரு வரியைத் தமிழில் வாசித்தாளாம். முதலில் மனப்பாடமோ என்று சந்தேகப்பட்டு, பாத்திர சோப்பு உறையைக் காட்டினாளாம். அதையும் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டாளாம். "சோப்பு பேரு டீச்சர், அதுக்குப் போயி அழுதேன் நானு." நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வண்டி ஊதியது, ஓடினாள்.

ஜூலை 18, வெள்ளி

வெயிலும் தூறலும் சேர்ந்து.

பக்கத்தில் ஒரு மாற்றம். எங்கள் 'சிரகு' இப்போது 'சிறகு'. வேறு யாரோ, புதுப் பெயர், அந்த ஒரு எழுத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் பத்துத் தரம் படித்தும் என் கண்ணில் படாத தப்பு.

டிவியில் காட்டினேன். கோபம் வரும் என்று நினைத்தேன். ஒரே குதி. நம்மளை யாரோ படிச்சிருக்காங்க. யாரு டீச்சர்? தெரியாது. எந்த ஊரு? தெரியாது. சென்னையா, சிலோனா? தெரியாதுடா.

கௌசல்யா கை தூக்கினாள். முதல் தடவை. "நாமளும் யாருக்காவது திருத்திக் குடுக்கலாமா டீச்சர்?"

எந்தப் பக்கத்தைத் திறக்கலாம் என்றேன். தவளை என்றார்கள். திறந்தோம். மணி அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது வரியில் ஆல்பர்ட் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டான்.